கசாப்புக்காரரின் பக்கம்

1658-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் குழந்தைகளுக்கான ஒரு படப்புத்தகம் அச்சேறியது. பெயர் ‘ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’. எழுதியவர் மொராவியச் சகோதரர் சபையின் ஆயரான யான் ஆமோஸ் கொமேனியஸ். ஐரோப்பாவில் சிறுவர்களுக்கென்றே படங்களோடு உருவான பாடநூல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். மொத்தம் 150 பாடங்கள். பாடத்துக்கு ஒரு மரச்செதுக்குப் படம். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கீழே அதே எண்களோடு லத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் விளக்கம். அடுத்த ஆண்டே ஆங்கிலப் பதிப்பும் வந்துவிட்டது. பல தலைமுறைகள் அதைப் புரட்டி வளர்ந்தன. கவிஞர் கதே தன் வரலாற்றை எழுதும்போது, பிள்ளைப் பருவத்தில் கையிலிருந்த புத்தகங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறார்.

முகப்பில், ஆதாம் விலங்குகளுக்கெல்லாம் பெயர் வைத்ததைச் சொல்லும் ஆதியாகமப் பகுதி இருக்கிறது. பிறகு எழுத்துகள். பெரும்பாலும் எழுத்துக்கு ஓர் உயிர், உயிருக்கு ஒரு குரல். காகம் கரைகிறது, ஆட்டுக்குட்டி கத்துகிறது, கோழிக்குஞ்சு கீச்சிடுகிறது. வாத்தும் கழுதையும் தங்கள் குரலோடு வருகின்றன. பிள்ளை அந்தக் குரலைத் தானும் எழுப்பிப் பார்த்து எழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு “மாடு எப்படிக் கத்தும்?” என்று கேட்கிற எல்லோரும் இந்த ஆயர் போட்டுக்கொடுத்த பாதையில்தான் நடக்கிறார்கள்.

அதே புத்தகத்தில், இன்னும் பல பக்கங்கள் தள்ளி, கசாப்புக்காரர் வருகிறார். படத்தில் அவருக்கும் எண் உண்டு, அவர் அறுக்கப்போகும் கொழுத்த மாட்டுக்கும் எண் உண்டு. கோடரியால் அடித்து வீழ்த்துவதும், கத்தியால் கழுத்தை அறுப்பதும், தோலை உரிப்பதும், துண்டுபோட்டுக் கடையில் தொங்கவிடுவதும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பன்றியை வெந்நீரூற்றி மயிர் களைவதும், தொடையைப் பதப்படுத்துவதும்கூட விடுபடவில்லை. குரல் உயர்த்தாத, பதறாத விளக்கம். தச்சரின் பட்டறையையும் ரொட்டி சுடுகிறவரின் அடுப்பையும் எந்தத் தொனியில் சொல்கிறாரோ அதே தொனி. முந்தைய பாடங்களில் அறிமுகமான உயிர்தான் இங்கே கொக்கியில் தொங்குகிறது என்பது பிள்ளைக்கு மறைக்கப்படவில்லை.

கொமேனியஸ் கல்நெஞ்சர் அல்ல. முப்பதாண்டுப் போரில் தாய்நாட்டை விட்டு விரட்டப்பட்டவர். முதல் மனைவியையும் பிள்ளைகளையும் கொள்ளைநோய்க்குக் கொடுத்தவர். 1656-இல் போலந்தின் லெஷ்னோ நகரம் எரிந்தபோது பல்லாண்டு உழைப்பின் கையெழுத்துப் பிரதிகளை நெருப்பில் பறிகொடுத்தவர். உலகம் கடவுள் எழுதிய நூல், அதில் எந்தப் பக்கத்தையும் பிள்ளையிடமிருந்து கிழித்து ஒளிக்கக் கூடாது என்பது அவருடைய நம்பிக்கை. அதனால்தான் அவருடைய புத்தகம் கடவுளில் தொடங்கி இறுதித் தீர்ப்பில் முடிகிறது. இடையில் கசாப்புக்கடையும் இருக்கிறது.

இப்போது எந்தப் புத்தகக் கடையிலும் குழந்தைகள் பகுதிக்குப் போய், பண்ணை விலங்குகளைப் பற்றிய ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம். லண்டனில் அச்சானதோ நியூயார்க்கில் அச்சானதோ, பெரிய வேறுபாடு இருக்காது. சிவப்புக் கொட்டகை, மஞ்சள் வெயில். பசுவின் பக்கத்தில் கன்று. வைக்கோலில் அமர்ந்து அடைகாக்கும் கோழி, அதைச் சுற்றிக் குஞ்சுகள். சேற்றில் புரண்டு சிரிக்கும் பன்றி. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி 1956-இல் வந்த ‘பிக் ரெட் பார்ன்’ இந்த வகையின் செவ்வியல் நூல். அதில் மனிதர்களே இல்லை. பிள்ளைகள்கூட அன்றைக்கு வெளியே போயிருக்கிறார்கள். விலங்குகள் தங்கள் பாட்டுக்குப் பகலெல்லாம் விளையாடுகின்றன, இரவானதும் உறங்குகின்றன. அருமையான புத்தகம். தாலாட்டு போன்ற நடை. ஆனால் யாருக்காக, எதற்காக அந்தக் கொட்டகை கட்டப்பட்டது என்ற கேள்வி எழுவதற்கு அதில் இடமே கிடையாது.

உலகத்தில் இறைச்சிக்காக ஆண்டுதோறும் கொல்லப்படும் தரைவாழ் விலங்குகளும் பறவைகளும் 8,000 கோடிக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பான்மை கோழிகள். பிராய்லர் கோழி ஏறத்தாழ ஆறு வாரத்தில் அறுப்புக்குப் போய்விடுகிறது. பன்றிக்கு ஏறத்தாழ ஆறு மாதம். பெரிய பால்பண்ணைகளில் பிறந்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கன்றைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். முட்டைக் கோழி இனங்களில் பொரிக்கும் சேவல் குஞ்சுகள் முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது என்பதால் பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 தொடக்கத்தில் இதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. அட்டைப் புத்தகத்தில் தாயைச் சுற்றி நிற்கும் குஞ்சுகளில் பாதி சேவலாகத்தான் இருக்கும்.

யாரும் பிள்ளைகளை ஏமாற்றும் நோக்கத்தோடு இந்தப் புத்தகங்களைச் செய்வதில்லை. குழந்தையை அச்சுறுத்தக் கூடாது என்ற கனிவுதான் அதன் பின்னால் இருக்கிறது. ஆனாலும் விளைவு என்ன? அமெரிக்காவில் 4 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ பத்தில் நான்கு பிள்ளைகள், தாங்கள் தின்னும் பேக்கன் என்ற பன்றிக்கறி செடியிலிருந்து வருகிறது என்று சொன்னார்கள். பசுவும் பன்றியும் தின்னக்கூடியவை அல்ல என்று பத்தில் ஏழு பேருக்கும் மேல் சொன்னார்கள். தட்டில் இருப்பது அதே பன்றிதான் என்று தெரியாமல், பன்றியைத் தின்னக் கூடாது என்று முடிவுகட்டுகிற பிள்ளைகள் இவர்கள். அவர்களிடம் ஓர் அறவுணர்வு இருக்கிறது; அந்த உணர்வு தொட்டுப் பார்க்க வேண்டிய உண்மை மட்டும் அவர்களிடம் தரப்படவில்லை.

இது வெறும் கல்வியியல் பிரச்சினை அல்ல. இந்தப் படங்களின் வேர் மதத்தில் இருக்கிறது.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு விலங்குகள்மேல் ஆளுகை கொடுக்கப்படுகிறது. ஆனால் உடனே அடுத்த வசனத்தில் அவனுக்கு உணவாகத் தரப்படுவது விதையும் கனியும் மட்டுமே. இறைச்சிக்கு அனுமதி வருவது ஒன்பதாம் அதிகாரத்தில், ஜலப்பிரளயம் முடிந்து, மனிதனின் கேட்டைக் கடவுள் பார்த்துச் சலித்த பிறகு. அப்போதும் இரத்தத்தை உண்ணக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். எனவே யூத, கிறிஸ்தவ மரபில் கொலையற்ற தோட்டம் தொடக்கத்தில் இருக்கிறது. ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து தங்கும் காலம் கடைசியில் இருக்கிறது. நடுவில் இருப்பதுதான் நாம் வாழும் காலம். அதில் கத்தி உண்டு.

ஏசாயாவின் அந்தக் காட்சியை வாழ்நாள் முழுதும் வரைந்துகொண்டே இருந்தவர் பென்சில்வேனியாவின் எட்வர்ட் ஹிக்ஸ். 1780-இல் பிறந்தவர், குவேக்கர் போதகர், பிழைப்புக்கு வண்டிகளுக்கும் கடைப்பலகைகளுக்கும் வர்ணம் அடித்தவர். ‘சமாதான ராஜ்யம்’ என்ற ஒரே காட்சியை அறுபது தடவைக்குமேல் தீட்டினார். சிங்கம், சிறுத்தை, எருது, ஆட்டுக்குட்டி, அவற்றின் நடுவே ஒரு குழந்தை. பின்னணியில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் பூர்வகுடிகளோடு உடன்படிக்கை செய்கிறார். முதல் பார்வைக்கு இது நம் அட்டைப் புத்தகத்தின் பாட்டன் போலவே தெரியும். ஆனால் விலங்குகளின் கண்களைப் பார்க்க வேண்டும். 1827-இல் குவேக்கர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். சமாதானத்தையே சமயமாகக் கொண்டவர்களின் சண்டை ஹிக்ஸை உலுக்கியது. அதற்குப் பின் வந்த படங்களில் சிங்கத்தின் கண்கள் அகலத் திறந்து வெறிக்கின்றன, விலங்குகள் ஒன்றையொன்று உரசாமல் விலகி நிற்கின்றன. இன்னும் பிந்தியவற்றில் சிங்கத்துக்கு வயதாகிவிடுகிறது, களைத்துக் கிடக்கிறது. இரையை விட்டுக்கொடுப்பது சிங்கத்துக்கு எவ்வளவு கடினம் என்பதை ஹிக்ஸ் தன் தூரிகையில் ஒத்துக்கொண்டார்.

அட்டைப் புத்தகம் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. ஏதேன் தோட்டத்தை எடுத்து, அதற்கு ‘பண்ணை’ என்று பெயர் சூட்டிவிடுகிறது. வரப்போகிற ஒன்றாகவோ இழந்துபோன ஒன்றாகவோ காட்டியிருந்தால் அது நம்பிக்கையின் படம். ஊருக்கு வெளியே சாலையோரத்தில் இப்போதே இருக்கிறது என்று காட்டும்போது, கண்முன் நடக்கிற அநியாயத்துக்குப் போடப்பட்ட திரையாகிவிடுகிறது. சொர்க்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பிறகு எதற்காக ஏங்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அதற்குத் தோன்றும்?

சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வாதிடுவார்கள். பொய் அங்கே இல்லை, விலங்குக்கு முகம் வரைவதில்தான் இருக்கிறது, மாடு சிரிக்காது, பன்றி பெருமைப்படாது என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி டெக்கார்ட் விலங்குகளைக் கடிகாரம் போன்ற எந்திரங்களாகக் கண்டார். கொமேனியஸும் டெக்கார்ட்டும் 1642-இல் ஹாலந்தில் நேரில் சந்தித்துச் சில மணி நேரம் பேசியிருக்கிறார்கள் என்பது நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. அவர்களுக்கு முன்பு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், விலங்குக்குக் கொடுமை செய்யாதே, அந்தப் பழக்கம் மனிதர்மேலும் திரும்பும் என்றார். பின்னாளில் தத்துவவாதி காண்ட் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. இருவர் சொன்னதிலும் விலங்குக்காகவே விலங்கின்மேல் கருணை இல்லை. மனிதனின் ஒழுக்கத்துக்குப் பயிற்சிக்களமாகத்தான் அது இருக்கிறது. 1789-இல் ஆங்கிலத் தத்துவவாதி பெந்தம், அவற்றுக்குப் பகுத்தறிவு உண்டா பேச்சு உண்டா என்பதை விட்டுவிட்டு, வலி உண்டா என்று கேட்டார். தத்துவம் அந்தக் கேள்விக்கு வந்துசேர இத்தனை நூற்றாண்டுகள் பிடித்தன. சிறு பிள்ளைகள் முதல் நாளே அங்கே நிற்கிறார்கள். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள் பண்ணை விலங்குகளை மனிதர்களைப் போலவும் வளர்ப்புப் பிராணிகளைப் போலவும் நடத்த வேண்டும் என்று, பெரியவர்களைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். பன்றிக்கு முகம் வரைகிற ஓவியர் பிள்ளைக்குப் பொய் சொல்லவில்லை. பிள்ளை ஏற்கெனவே கண்டதை அவர் ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அமெரிக்கத் தத்துவவாதி கோரா டயமண்ட் 1978-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை வேறு திசையிலிருந்து அணுகுகிறது. விலங்கின் திறமைகளைப் பட்டியல் போட்டு, வலி உண்டு, எனவே உரிமை உண்டு என்று வாதிடும் பீட்டர் சிங்கர் போன்றவர்களோடு அவருக்கு உடன்பாடில்லை, தானும் சைவ உணவுக்காரராக இருந்தும். மனிதன் என்றால் யார், விலங்கு என்றால் எது என்பதை நாம் வாதத்தால் கற்பதில்லை என்கிறார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நாம், மேசைமேல் இருப்பவை அவை. இந்த ஏற்பாட்டுக்குள் வளர்ந்தே குழந்தை வேறுபாட்டைக் கற்கிறது. பெயர் வைப்பதும் அப்படியான செயல்தான். செல்லப் பிராணிக்குப் பெயர் வைத்த வீட்டில் அதைச் சமைக்க மாட்டார்கள். தடுப்பது எந்தச் சட்டமும் அல்ல. பெயர் வைத்தாயிற்று என்பதே போதும். இதைப் படப்புத்தகத்தோடு பொருத்தினால் சிக்கல் பளிச்சென்று தெரியும். மூன்று வயதில் பன்றிக்கு ஒரு பெயரைக் கொடுத்து, சட்டை போட்டு, பிறந்தநாள் கொண்டாடி, பிள்ளையின் உறவாக்கிவிடுகிறோம். அதே வயதில் அதே பிள்ளையை மேசைக்கும் கூப்பிடுகிறோம்.

கொன்றுதான் உண்ண வேண்டும் என்று முடிவெடுத்த பழைய சமூகங்கள் இந்தச் சிக்கலை மறைக்கவில்லை. ஏதென்ஸில் ஆண்டுதோறும் ஜீயுஸ் கடவுளுக்கு ஓர் எருதைப் பலியிடும் ‘பூஃபோனியா’ என்ற சடங்கு நடந்தது. மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவவாதி பொர்ஃபிரி, புலால் மறுப்பைப் பற்றிய தன் நூலில் அதை விரிவாகச் சொல்கிறார். பீடத்தில் வைத்த தானியத்தைத் தின்னும் எருதை ஒருவர் வெட்டுவார். பிறகு கொலை விசாரணை நடக்கும். தண்ணீர் கொண்டுவந்த பெண்கள், கோடரியையும் கத்தியையும் தீட்டியவர்களைக் கைகாட்டுவார்கள். தீட்டியவர்கள், கோடரியை எடுத்துக் கொடுத்தவரைக் கைகாட்டுவார்கள். பழி கைமாறிக் கைமாறிக் கடைசியில் வாய்பேசாத கத்தியின்மேல் விழும். கத்தியைக் கடலில் எறிவார்கள். எருதின் தோலில் வைக்கோலைத் திணித்து, நிற்கவைத்து, ஏரில் பூட்டுவார்கள். உழுத மாட்டைக் கொன்று தின்ற ஊர், அது இன்னும் உழுகிறது என்று நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் மனம் எவ்வளவு உறுத்தியிருந்தால் இப்படி ஒரு நாடகம் தேவைப்பட்டிருக்கும்!

கிரேக்கப் பலிகளில் விலங்கின் தலையில் தண்ணீர் தெளித்து, அது தலையசைப்பதைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமத்துக் கருப்பசாமி கோயில்களையும் முனீஸ்வரர் கோயில்களையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மாலை போட்ட கிடாயின்மேல் மஞ்சள் நீர் தெளித்துவிட்டு, அது உடலைச் சிலிர்த்து உதறும்வரை ஊரே நின்று காத்திருக்கும். உதறினால்தான் உத்தரவு. உதறாவிட்டால் மறுபடி தெளிப்பார்கள், சாமியிடம் குறை கேட்பார்கள். தண்ணீர் பட்டால் ஆடு உதறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் வெட்டக் கூடாது என்ற எண்ணம் அங்கே நிற்கிறது. பிள்ளைகளும் கூட்டத்தில் முன்வரிசையில்தான் நிற்கிறார்கள். இஸ்லாமிய மரபில் அறுக்கப்போகும் விலங்கின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது. இறைவன் பெயரைச் சொல்லாமல் அறுக்கக் கூடாது. யூத வேதத்தில் தாயையும் குட்டியையும் ஒரே நாளில் கொல்லத் தடை. இவையெல்லாம் அந்த விலங்குக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. ஆனால் உயிரெடுப்பது சாதாரணக் காரியம் அல்ல என்பதை எல்லோர் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டன.

அந்த ஒத்துக்கொள்ளல் 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு நகரங்களில் கண்ணைவிட்டு மறைந்தது. லண்டன் நடுவே ஸ்மித்ஃபீல்டில் நூற்றாண்டுகளாக நடந்த உயிர்மாட்டுச் சந்தை 1855-இல் இஸ்லிங்டனுக்கு நகர்த்தப்பட்டது. சிகாகோவில் யூனியன் ஸ்டாக்யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தை 1865-இல் திறந்தது. பாரிஸின் ஓரத்தில் லா விலெத் இறைச்சிக்கூடம் 1867-இல் வந்தது. சுகாதாரமும் ரயிலும் வியாபாரமும் காரணங்கள். ஏறக்குறைய இதே காலத்தில்தான் எட்மண்ட் எவன்ஸின் வண்ண அச்சும் ராண்டால்ஃப் கால்டிகாட்டின் ஓவியமும் சேர்ந்து, ஆங்கிலப் படப்புத்தகம் பெரும் கலையாக எழுந்தது. நகரத்துப் பிள்ளை தெருவில் மாட்டைப் பார்க்கும் வாய்ப்பு குறையக் குறைய, தாளில் மாடு அழகாகிக்கொண்டே வந்தது.

எல்லோரும் அந்தப் போக்கோடு போய்விடவில்லை. பியாட்ரிக்ஸ் பாட்டர் போகவில்லை.

1902-இல் வந்த ‘பீட்டர் ராபிட்’ கதையின் தொடக்கத்திலேயே, பீட்டரின் அப்பா மெக்ரெகர் வீட்டம்மாவின் கையால் ‘பை’ (pie) என்ற பலகாரத்துக்குள் வைத்துச் சமைக்கப்பட்ட செய்தியை அம்மா முயல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறாள். கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற அவசரத்தில், ஒரு தகவலாக. ஆரம்பப் பதிப்பில் அந்தப் பலகாரத்தைப் பரிமாறும் படமும் இருந்தது. படம் பிறகு விடுபட்டது, செய்தி நிற்கிறது. புத்தகம் விற்ற பணத்தில் பாட்டர் 1905-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். வேடிக்கை பார்க்க வாங்கவில்லை. பன்றி வளர்த்தார், விற்றார். பின்னாளில் ஹெர்ட்விக் என்ற மலையாட்டு இனத்தை வளர்ப்பதில் அந்த வட்டாரத்து மேய்ப்பர்கள் மதிக்கும் நிபுணரானார்; ஆட்டுக் கண்காட்சிகளில் பரிசு வாங்கினார்.

1913-இல் வந்த ‘பிக்ளிங் பிளாண்ட்’ கதை அவருடைய பண்ணையிலிருந்தே எழுந்தது. அதில் பன்றிக்குட்டிகளுக்குக் கோட்டு மாட்டி, உரிமச் சீட்டைப் பையில் குத்தி, சந்தைக்கு வழியனுப்பி வைப்பவர் கதைசொல்லியே. அதாவது, விற்கிறவர் தானே என்பதைப் பாட்டர் கதைக்குள் வந்து நின்று சொல்கிறார். பிக்ளிங் தங்கும் வீட்டின் விவசாயி, அவனுடைய விலாவைத் தடவிப் பார்க்கிறான். அங்கே அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பிக்-விக் என்ற கறுப்புக் குட்டியிடம், எதற்காகப் பிடித்து வந்தார்கள் என்று பிக்ளிங் கேட்கிறான். பேக்கனுக்கும் ஹாமுக்கும் என்று அவள் மலர்ந்த முகத்தோடு பதில் சொல்கிறாள். பிக்ளிங் திகைத்துப்போய், ஏன் ஓடிப்போகவில்லை என்கிறான். கோட்டும் முகமும் பேச்சும் உள்ள ஓர் உயிர், தான் எதுவாகப் போகிறது என்பதை அறிந்திருக்கிறது. படிக்கிற பிள்ளையும் அறிந்துகொள்கிறது. இரண்டு குட்டிகளும் விடியுமுன் தப்பி, பாலத்தைக் கடந்து ஓடுகின்றன. பிள்ளை கைதட்டுகிறது. எதிலிருந்து தப்பினார்கள் என்று தெரிந்ததால் கைதட்டுகிறது.

ஈ.பி. வைட் இன்னும் ஆழமாகத் தோண்டினார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடலோரப் பண்ணையில் வாழ்ந்த அவர், ஒரு பன்றி நோயில் இறந்ததைப் பற்றி 1948 ஜனவரியில் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதினார். வசந்தத்தில் குட்டியை வாங்கி, கோடையெல்லாம் தீனி போட்டு, குளிர் வந்ததும் அறுப்பது அங்குள்ள வழக்கம். அவரும் அதற்காகத்தான் வளர்த்தார். அந்தப் பன்றி தீனியைத் தொடாமல் படுத்துவிட்டது. ஆமணக்கெண்ணெய் புகட்டினார், மருத்துவரை அழைத்தார், இரவெல்லாம் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தார். இன்னும் சில வாரத்தில் தானே கொல்ல இருந்த உயிரைக் காப்பாற்ற உறக்கத்தைத் தொலைத்த மனிதரின் எழுத்து அது. அது இறந்தபோது வீட்டுக்குக் கறி போயிற்று என்று அவர் வருந்தவில்லை. இந்தத் துன்ப உலகில் ஓர் உயிர் துன்பப்பட்டுவிட்டதே என்று வருந்தினார். இதுவே அறவாழ்வின் மெய்யான முடிச்சு என்று சொல்லத் தோன்றுகிறது: கொல்லப்போகிறவனுக்கும் அதன்மேல் கடமை இருக்கிறது. அந்தக் கடமையை அவன் உணர்ந்துவிட்டால், கொல்வது முன்புபோல் எளிதாக இருக்காது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல், கார்த் வில்லியம்ஸின் படங்களோடு ‘ஷார்லட்ஸ் வெப்’ வந்தது. முதல் பக்கத்திலேயே அப்பா கோடரியோடு தொழுவத்துக்குப் போகிறார், நோஞ்சான் குட்டியை முடிக்க. மகள் ஃபெர்ன் அது அநியாயம் என்று குறுக்கே நிற்கிறாள். குட்டிக்கு வில்பர் என்று பெயர் வைக்கிறாள். கொஞ்ச நாளில், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது உன்னைக் கொல்வார்கள் என்று கிழட்டு ஆடு ஒன்று வில்பரிடம் போட்டு உடைக்கிறது. அவனைக் காப்பாற்றும் சிலந்தியான ஷார்லட் பூச்சிகளின் இரத்தத்தை உறிஞ்சி வாழ்பவள். வில்பர் அருவருக்கிறான். அவள் வெட்கப்படாமல், தான் படைக்கப்பட்ட விதம் அது என்கிறாள். பரிசுத்தமான உயிர் எதுவும் அந்தத் தொழுவத்தில் இல்லை. நட்பு மட்டும் இருக்கிறது.

வைட் விட்டுச்சென்ற ஓர் ஓட்டையையும் சொல்ல வேண்டும். வலையில் எழுத்து தோன்றியதால் வில்பர் அதிசயப் பன்றி ஆகிறான், புகழ் அவனைக் காக்கிறது. மற்ற பன்றிகள்? கண்காட்சியில் அடுத்த பட்டியில் நிற்கும் பெரிய பன்றிக்கு எழுதித்தர எந்தச் சிலந்தியும் இல்லை. பெயர் பெற்றவன் பிழைத்தான். பெயரில்லாதவை வழக்கம்போல் போகும். கடவுளின் அருள் சிலரைத் தேர்ந்தெடுக்கிறதா என்று இறையியலாளர்கள் நூற்றாண்டுகளாக மோதிக்கொண்ட கேள்வி, மெய்னின் ஒரு பன்றித் தொழுவத்தில் வந்து நிற்கிறது. வைட் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் கதையைப் படித்துமுடித்த பிள்ளையால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். அட்டைப் புத்தகம் பார்த்த பிள்ளையால் முடியாது.

மறைப்பதற்கு நேர் எதிரான முயற்சியும் நடந்திருக்கிறது. ரூபி ராத் 2009-இல் எழுதி வரைந்த புத்தகம், பண்ணைத் தொழிற்சாலையின் கூண்டுகளைச் சிறுவர்களுக்கு நேராகக் காட்டி, ஏன் விலங்குகளைத் தின்பதில்லை என்று விளக்கியது. 2012-இல் அவருடைய அடுத்த புத்தகம் வந்தபோது, பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது என்று அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் கண்டனம் எழுந்தது. கூண்டை வரைந்தது பயமுறுத்தலாம், கூண்டு இருப்பது பயமுறுத்தாது என்ற நிலை விசித்திரமானது. ஆனால் அந்தப் புத்தகங்களில் பதில் முதலிலேயே முடிவாகிவிடுகிறது. பாட்டரிடமும் வைட்டிடமும் பிள்ளை தன் காலால் நடந்து போய்ச் சேர்கிற இடத்துக்கு, இங்கே அதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறார்கள்.

பிள்ளை தானாக நடந்துபோய்ச் சேர்ந்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு, நன்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மனிதனின் அறச்சிந்தனை ஆறு படிகளில் வளர்கிறது என்ற கோட்பாட்டால் புகழ்பெற்றவர் ஹார்வர்டு உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க். தன் மகன் நான்கு வயதில், விலங்கைக் கொல்வது கெட்டது என்று சொல்லி இறைச்சியை ஒதுக்கிவிட்டதை அவரே எழுதியிருக்கிறார். நியாயமான கொலைக்கும் அநியாயமான கொலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் எடுத்துச் சொல்லியும் ஆறு மாதம் அவன் அசையவில்லை. ஓரிரவு எஸ்கிமோ மக்களின் வாழ்க்கையைப் பற்றிய புத்தகத்தை அப்பா அவனுக்கு வாசித்துக் காட்டினார். கடல்நாய் வேட்டை வந்தது. மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. விலங்கைக் கொல்கிற அந்த வேட்டைக்காரர்களின் இறைச்சியைத் தின்றால் தப்பில்லை என்றான். கோல்பெர்க் இதைப் பழிக்குப் பழி என்ற கீழ்ப்படியின் சிந்தனையாக வகைப்படுத்தினார். பீட்டர் சிங்கர் 1975-இல் எழுதிய ‘அனிமல் லிபரேஷன்’ நூலில் இந்தச் சிறுவனை நினைவுகூர்ந்து, பிள்ளையின் இயல்பான எதிர்ப்பை வீடு எப்படிக் கரைக்கிறது என்பதற்கு ஆதாரமாக வைக்கிறார்.

சிறுவனின் தீர்ப்பு முரட்டுத்தனமானது, சந்தேகமில்லை. ஆனால் அவன் எங்கே இருந்தான் என்று பார்க்க வேண்டும். புத்தகத்தில் ஒரு விலங்கு செத்தது, அவனுக்கு அது செய்தியாகப் படவில்லை, கொலையாகப் பட்டது. யார் செய்தார்கள் என்று தேடினான். ஏதென்ஸ் நகரமே கூடி, கை மாற்றிக் கை மாற்றி, கடைசியில் கத்தியைக் கடலில் போட்டுத் தப்பித்த கேள்வியை நான்கு வயதில் தனியாகக் கேட்டான். அவனுடைய பதிலுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்னால், அந்தக் கேள்விக்குத் தன்னுடைய பதில் என்ன என்று அப்பா சொல்லியிருக்கலாம். ‘ஆமாம், கொல்கிறோம். உனக்காகவும் எனக்காகவும் யாரோ ஒருவர் கொல்கிறார். அது சரி என்று நான் நினைப்பதற்குக் காரணம் இது’ என்று. அல்லது ‘எனக்கும் அது சரி என்று படவில்லை, பழகிவிட்டது’ என்று. இரண்டில் எது உண்மையோ அது. உலகில் யாரும் தின்பதற்காக வாங்காவிட்டால் விற்பதற்காகக் கொல்கிறவரும் இருக்க மாட்டார் என்று திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் கணக்கை நேராக வாங்குகிறவர் பக்கமே கொண்டுவந்துவிடுகிறது. அந்தச் சிறுவனும் கணக்கை நேர்செய்யத்தான் பார்த்தான், ஆளை மட்டும் தூரத்தில் தேடிவிட்டான். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் அதே கணக்கில் இருந்தார்கள் என்பதை அவனுக்குக் காட்டும் புத்தகம் அன்றைக்கு அவன் கையில் இல்லை.